எம்பிஐ நூலகத்தின் செயல்திறன் மாறிகளைப் படிப்பது எப்படி?

ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் பல செயல்முறைகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதற்கான தரநிலையே எம்பிஐ (MPI); அதை நடைமுறைப்படுத்துவது எம்பிஐ நூலகம். அதைக் கொண்டு எழுதிய இணைக்கணிப்பு நிரல் ஒன்று எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை என்றால், நம்மில் பலர் முதலில் கையில் எடுப்பது கடிகாரத்தைத்தான். செய்தியைப் பெறும் அழைப்புக்கு முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்துக்கொண்டு இரண்டையும் கழித்தால், அந்த அழைப்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்பது தெரிந்துவிடும். ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்பது தெரியாது. எதிர்முனையிலிருந்து செய்தி தாமதமாகப் புறப்பட்டதா, உரிய நேரத்தில் வந்து சேர்ந்த செய்தி நூலகத்தின் உள்வரிசையில் ஆயிரம் செய்திகளுக்குப் பின்னால் சிக்கிக் கிடந்ததா, இடையக நினைவகம் போதாமல் நூலகம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டிருந்ததா என்பதை வெளியே நின்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

எம்பிஐ தரநிலையில் தொடக்கம் முதலே இருந்துவரும் பிஎம்பிஐ இடைமுகம், நிரலின் அழைப்புகளை வாசலில் நின்று இடைமறிக்க உதவுகிறதே தவிர, வீட்டுக்குள் நடப்பதைக் காட்டுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே, 2012 செப்டம்பரில் வெளியான எம்பிஐ 3.0 தரநிலையில் கருவிகளுக்கான தகவல் இடைமுகம் சேர்க்கப்பட்டது. சுருக்கமாக எம்பிஐ_டி என்று வழங்கும் இந்த இடைமுகத்தில் இரண்டு வகை மாறிகள் உள்ளன. நூலகத்தின் நடத்தையை மாற்றியமைக்க உதவுபவை கட்டுப்பாட்டு மாறிகள். நூலகத்துக்குள் நடப்பதை எண்களாகத் தருபவை செயல்திறன் மாறிகள். புழக்கத்தில் இவற்றை சிவார், பிவார் என்றே சொல்கிறோம். இங்கே பேசப்போவது பிவார்களைப் பற்றி.

ஒரு பிவாரைப் படிக்கும் அழைப்பு ஒற்றை வரிதான். ஆனால் அந்த வரியில் கிடைக்கும் எண் எதனுடைய எண், எப்போதிலிருந்து எண்ணப்பட்டது, எந்த அலகில் இருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் படித்தால் அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், படிப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியதாகவே இருக்கும். கீழே செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் எம்பிஐ_டி என்ற முன்னொட்டு உண்டு என்பதால், அதை ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதவில்லை.

உங்கள் நூலகத்தில் என்ன இருக்கிறது?

தரநிலை எந்தவொரு செயல்திறன் மாறியையும் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கவில்லை. எந்தெந்த மாறிகளைத் தருவது என்பது முழுக்க நூலகத்தை எழுதுபவர்களின் விருப்பம். ஒரு பிவார்கூட இல்லாத நூலகமும் தரநிலைக்கு உட்பட்டதே. புதிதாக வருபவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வேறொருவர் எழுதிய நிரலில் கண்ட மாறியின் பெயரைத் தம் நிரலில் இட்டு, அது கிடைக்காதபோது தம் நிரலில்தான் பிழை என்று தேடத் தொடங்குகிறார்கள்.

எம்பிஐ தரநிலையை நடைமுறைப்படுத்தும் நூலகங்களில் ஒன்றான எம்பிச்சைப் (MPICH) பொறுத்தவரை, வரிசைகளின் நீளம், பொருத்திப் பார்க்கும் முயற்சிகளின் எண்ணிக்கை போன்ற மாறிகள் மூலநிரலில் இருந்தாலும், நூலகத்தைக் கட்டும்போது கான்ஃபிகர் கட்டளையில் 'எனேபிள்-எம்பிஐடி-பிவார்ஸ்' என்ற விருப்பத்துக்கு 'ஆல்' என்றோ, தேவையான தொகுதியின் பெயரையோ தந்தால்தான் அவை உயிர்பெறும். இயல்பாக அவை அணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண்ணியைக் கூட்டுவதுகூடச் சிறு செலவுதான் என்பதால், வேகத்தை விரும்புபவர்கள் மீது அதைச் சுமத்த நூலகத்தை எழுதியவர்கள் விரும்பவில்லை. ஆகவே கணினித் தொகுதியின் நிர்வாகி நிறுவி வைத்திருக்கும் எம்பிச் உங்களுக்கு ஒன்றும் காட்டவில்லை என்றால் வியப்பதற்கில்லை. உங்கள் சொந்தக் கோப்பகத்தில் தனியாக ஒன்றைக் கட்டிக்கொள்வதே நேர்வழி.

இன்னொரு நூலகமான ஓப்பன் எம்பிஐயில் 'ஓஎம்பிஐ_இன்ஃபோ' என்ற கட்டளையை எல்லா விவரங்களும் வேண்டும் என்று கேட்டு, விவர அளவை 9 என்று தந்து ஓட்டினால், கட்டுப்பாட்டு மாறிகளின் நீண்ட பட்டியலுக்கு நடுவே செயல்திறன் மாறிகளும் வகுப்போடு வரும். அதில் கண்காணிப்புக்கென்று இருக்கும் மாறிகள் சில, ஓட்டும்போது உரிய எம்சிஏ அளவுருவை, அதாவது ஓப்பன் எம்பிஐக்குரிய அமைப்பு விருப்பத்தை, தந்தால் மட்டுமே எண்ணத் தொடங்கும். எஸ்பிசி எனப்படும் மென்பொருள் எண்ணிகளும் அப்படித்தான்: நூலகத்தைக் கட்டும்போது அவற்றைச் சேர்த்திருக்க வேண்டும், ஓட்டும்போது எவை வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். எந்த நூலகமாக இருந்தாலும் உள்ளவற்றைப் பட்டியலிட, லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் வெளியிட்ட 'வார்லிஸ்ட்' என்ற சிறு கருவி உதவும். இருந்தாலும், அந்தப் பட்டியலை நீங்களே ஒருமுறை நிரலாக எழுதிப் பார்ப்பது நல்லது; மீதி வேலைக்குத் தேவையான பாதி அறிவு அதிலேயே வந்துவிடும்.

தொடங்குதல்

இந்த இடைமுகத்துக்கென்று தனித் தொடக்கமும் தனி முடிவும் உண்டு. 'இனிட்_திரெட்' என்ற செயற்கூறு, எத்தகைய இழை (திரெட்) ஆதரவு வேண்டும் என்பதை வாங்கிக்கொண்டு, உண்மையில் எது கிடைத்தது என்பதைத் திருப்பித் தரும். இதை வழக்கமான எம்பிஐ தொடக்க அழைப்புக்கு முன்பே அழைக்கலாம். எம்பிஐ முடிந்த பின்னும் இந்த இடைமுகம் உயிரோடு இருக்கலாம். எத்தனை முறை தொடங்கினாலும் பிழையில்லை, அத்தனை முறை 'ஃபைனலைஸ்' அழைக்கப்பட வேண்டும் என்பது மட்டுமே விதி. இதனால் ஒரே நிரலுக்குள் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று அறியாமல் இதைப் பயன்படுத்த முடிகிறது.

இரண்டு செய்திகளை இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதலாவது, இந்த இடைமுகம் சி மொழிக்கு மட்டுமே வரையறுக்கப்பட்டது. ஃபோர்ட்ரானில் எழுதுபவர்கள் சி மொழியில் ஒரு சிறு உறையை எழுதி அழைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இதன் செயற்கூறுகள் பிழை நேர்ந்தால் எம்பிஐயின் பிழை கையாளியை எழுப்புவதில்லை. வழக்கமான எம்பிஐ அழைப்பில் தவறு நேர்ந்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும் என்ற பழக்கத்தில் இருப்பவர்கள், திருப்பும் மதிப்பைச் சரிபார்ப்பதே இல்லை. இங்கே அந்தப் பழக்கம் உதவாது. பிழைக்குறியைப் பார்க்காவிட்டால், நிரல் சத்தமில்லாமல் தொடர்ந்து ஓடி, இடையகத்தில் ஏற்கெனவே கிடந்த குப்பையை அளவீடு என்று அச்சிடும். ஒவ்வொரு அழைப்பையும் சரிபார்க்கும் சிறு மேக்ரோவை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

மாறியிடமே கேட்டறிதல்

'பிவார்_கெட்_நம்' மொத்தம் எத்தனை மாறிகள் உள்ளன என்பதைத் தரும். சுட்டெண்கள் பூச்சியத்தில் தொடங்கும். நூலகம் புதிய கூறுகளை ஏற்றும்போது இந்த எண்ணிக்கை கூடலாம், குறையாது. ஏற்கெனவே தரப்பட்ட சுட்டெண் ஓட்டத்தின் நடுவில் மாறாது. எம்பிஐ தொடக்கத்துக்கு முன் பட்டியலிட்டவர்கள், தொடக்கத்துக்குப் பின் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சுட்டெண்ணுக்கும் 'பிவார்_கெட்_இன்ஃபோ' அழைக்க வேண்டும். பெயர், விவர அளவு, வகுப்பு, தரவினம், எண்பெயர்ப் பட்டியல், விளக்கம், பிணைப்பு, மூன்று கொடிகள் என்று பதின்மூன்று அளவுருக்கள் கொண்ட நீண்ட அழைப்பு இது. இதில் பெயரின் நீளத்துக்கும் விளக்கத்தின் நீளத்துக்கும் தரப்படும் இரு மாறிகள், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் பொதுவானவை. போகும்போது உங்கள் இடையகத்தின் கொள்ளளவையும், வரும்போது பெயரின் உண்மையான நீளத்தையும் அவை சுமக்கின்றன. சுழலுக்கு வெளியே ஒருமுறை மட்டும் 128 என்று வைத்துவிட்டு உள்ளே திரும்பத் திரும்ப அழைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: முதல் மாறியின் பெயர் 20 எழுத்து நீளம் என்றால், திரும்பி வரும்போது அந்த மாறியில் 21 இருக்கும், அடுத்த பெயர் 35 எழுத்தாக இருந்தாலும் 20 எழுத்தோடு வெட்டுப்பட்டே வரும். பட்டியலில் பெயர்கள் அரைகுறையாகத் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் நீளத்தை மறுபடி நிரப்புகிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

வந்தவற்றில் மிக முக்கியமானது வகுப்பு. எண்ணை எப்படிப் பொருள்கொள்வது என்பதைச் சொல்வது இதுதான். தண்ணீர்த் தொட்டி ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். இந்த நொடியில் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது 'லெவல்'. தொட்டியின் கொள்ளளவு 'சைஸ்'. அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பது 'பர்சென்டேஜ்'. பெயர் சதவீதம் என்றாலும் இது 0.0 முதல் 1.0 வரையிலான பின்ன எண்ணாகவே வரும், நூறால் பெருக்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு. தண்ணீர் அதிகபட்சம் எதுவரை ஏறியது என்று சுவரில் படிந்த கறை காட்டுவதுபோல இருப்பது 'ஹைவாட்டர்மார்க்', அதற்கு எதிரானது 'லோவாட்டர்மார்க்'. எத்தனை குடம் ஊற்றினார்கள் என்பது 'கவுன்ட்டர்'. எல்லாக் குடங்களிலும் சேர்த்து எத்தனை லிட்டர் என்பது 'அக்ரிகேட்'. ஊற்றுவதில் கழிந்த மொத்த நேரம் 'டைமர்'. குழாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுபோல நிலையைச் சொல்வது 'ஸ்டேட்'; அது தரும் முழு எண்ணின் பொருளை எண்பெயர்ப் பட்டியலில் பார்த்து அறிய வேண்டும். இவற்றில் எதிலும் அடங்காதது 'ஜெனரிக்'. அதற்கு விளக்கத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம்? கவுன்ட்டர், அக்ரிகேட், டைமர் ஆகிய மூன்றும் பூச்சியத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். நிரலின் ஒரு கட்டத்துக்கு முன்னும் பின்னும் படித்துக் கழித்தால், அந்தக் கட்டத்தின் பங்கு கிடைக்கும். லெவலைக் கழித்தால் கிடைப்பது நிகர மாற்றம் மட்டுமே. நடுவில் ஆயிரம் வரை ஏறி இறங்கியது அதில் மறைந்துவிடும். ஹைவாட்டர்மார்க்கைக் கழிப்பதில் பொருளே இல்லை. அதன் தொடக்க மதிப்பு பூச்சியம் அன்று, தொடக்கம் குறிக்கப்பட்ட நேரத்தில் வளம் இருந்த அளவு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஒரு கட்டத்தின் உச்சம் வேண்டும் என்றால், கட்டத்தின் வாசலில் மாறியை மீட்டமைத்து, முடிவில் படிக்க வேண்டும்.

டைமரின் அலகும் ஒருமுறை நின்று பார்க்கத்தக்கது. தரவினம் டபுள் என்றால், எம்பிஐயின் வழக்கமான நேர அழைப்பு எந்த அலகில் தருகிறதோ அதே அலகு, அதாவது வினாடி. முழு எண்ணாக இருந்தால் அலகு விளக்க உரையில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அது செயலியின் துடிப்பு எண்ணிக்கையாகவும் இருக்கலாம்.

பிணைப்பு என்பது, மாறி எதைச் சார்ந்தது என்பதைச் சொல்கிறது. எதையும் சாராத மாறி, அந்த ஒரு செயல்முறை முழுவதற்கும் பொதுவானது. கம்யூனிகேட்டரை, அதாவது தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் செயல்முறைகளின் குழுவை, சார்ந்ததாக இருந்தால், எந்தக் கம்யூனிகேட்டர் என்று நீங்கள் காட்டினால்தான் எண் கிடைக்கும். கோப்பு, ஒருபக்கத் தொடர்புக்கான விண்டோ, கோரிக்கை போன்றவற்றோடு பிணைந்தும் மாறிகள் இருக்கலாம்.

கடைசியாக மூன்று கொடிகள். 'ரீட்ஒன்லி' உயர்ந்திருந்தால், மாறியை எழுதவோ மீட்டமைக்கவோ முடியாது. 'கன்டினியுவஸ்' உயர்ந்திருந்தால், மாறி எப்போதும் எண்ணிக்கொண்டே இருக்கும். தொடங்கவோ நிறுத்தவோ முயன்றால் பிழைக்குறி வரும். 'அட்டாமிக்' உயர்ந்திருந்தால், படிப்பதையும் மீட்டமைப்பதையும் இடையில் எதுவும் நழுவாமல் ஒரே அழைப்பில் செய்யலாம்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. பட்டியலிட்டுப் பார்த்து, எனக்கு வேண்டிய வரிசை நீள மாறியின் சுட்டெண் என்ன என்று கண்டு, அந்த எண்ணை நிரலில் அப்படியே பதித்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து நூலகத்தைப் புதுப்பித்தபோது, புதிதாகச் சில மாறிகள் முன்னால் சேர்ந்து சுட்டெண்கள் நகர்ந்துவிட்டன. நிரல் பிழையின்றி ஓடியது. வரிசை நீளம் திடீரென்று லட்சக்கணக்கில் காட்டியது. இரண்டு நாள்கள் என் செய்தி அமைப்பையே குறைசொல்லித் திரிந்தேன். உண்மையில் நான் படித்துக்கொண்டிருந்தது ஓர் இடையகத்தின் பைட் அளவை. ஓட்டத்துக்கு ஓட்டம் சுட்டெண் ஒன்றாக இருக்கும் என்று தரநிலை எங்கும் வாக்குத் தரவில்லை. எம்பிஐ 3.1 முதல் 'பிவார்_கெட்_இண்டெக்ஸ்' இருக்கிறது. பெயரையும் வகுப்பையும் தந்தால் சுட்டெண்ணைத் தரும். ஒரே பெயரில் இரு வகுப்புகளில் மாறிகள் இருக்கலாம் என்பதால்தான் அது வகுப்பையும் கேட்கிறது. ஒவ்வொரு செயல்முறையும் தனக்கான சுட்டெண்ணைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். ஒன்று கண்டறிந்து மற்றவற்றுக்கு அனுப்புவது வேண்டாம்.

அமர்வும் கைப்பிடியும்

மாறியை நேரடியாகப் படிக்க முடியாது. முதலில் 'பிவார்_செஷன்_கிரியேட்' மூலம் ஓர் அமர்வைத் திறந்து, அதற்குள் 'பிவார்_ஹேண்டில்_அலாக்' மூலம் அந்த மாறியைச் சுட்டும் ஒரு கைப்பிடியைப் பெற வேண்டும். ஒரே மாறியை இரு கருவிகள் பார்க்கும்போது, ஒன்று மீட்டமைத்தது மற்றதன் கணக்கைக் கலைக்கக் கூடாது என்பதற்காகவே அமர்வு என்ற ஏற்பாடு.

கைப்பிடி கேட்கும்போது பிணைப்புக்குரிய பொருளின் முகவரியைத் தர வேண்டும். கம்யூனிகேட்டரையே தருவது அன்று, கம்யூனிகேட்டர் இருக்கும் மாறியின் முகவரியைத் தருவது. இந்த இடத்தில் தவறினால் கம்பைலர் எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது, ஏனெனில் அளவுரு எந்த வகையையும் குறிக்காத சுட்டாகவே (வாய்ட் பாயின்டர்) வரையறுக்கப்பட்டுள்ளது. பிணைப்பு இல்லாத மாறிக்கு அங்கே எதைத் தந்தாலும் பொருட்படுத்தப்படாது.

கைப்பிடியோடு ஓர் எண்ணிக்கையும் திரும்பி வரும். அதைக் கவனிக்காமல் விடுவதுதான் நினைவகம் சிதைவதற்கு வழி. பல மாறிகளுக்கு அது 1. ஆனால் ஓப்பன் எம்பிஐயின் கண்காணிப்பு மாறிகளில் 'பிஎம்எல்_மானிட்டரிங்_மெசேஜஸ்_கவுன்ட்' போன்றவை, கம்யூனிகேட்டரில் உள்ள ஒவ்வொரு ரேங்குக்கும் (செயல்முறையின் வரிசை எண்) எத்தனை செய்திகள் அனுப்பப்பட்டன என்று ஓர் அணியையே தருகின்றன. 64 செயல்முறைகள் இருந்தால் 64 எண்கள் வரும். ஒற்றை எண்ணுக்கு இடம் வைத்து அதில் படித்தால் மீதி 63 எண்களும் அடுத்த நினைவகத்தின் மேல் கொட்டப்படும். எனவே எண்ணிக்கையைத் தரவினத்தின் பைட் அளவால் பெருக்கி, அந்த அளவுக்கு இடம் ஒதுக்க வேண்டும். பைட் அளவை அறிய எம்பிஐயின் தரவின அளவு அழைப்பை நாடத் தோன்றும். எம்பிஐ தொடங்குவதற்கு முன் அதை அழைக்க முடியாது. பிவார்களுக்கு அனுமதிக்கப்பட்ட தரவினங்கள் ஒரு கைக்குள் அடங்குபவை என்பதால், ஒவ்வொன்றாக ஒப்பிட்டு சிஸ்ஆஃப் மூலம் அளவைத் தீர்மானிப்பதே பாதுகாப்பானது.

கைப்பிடி கிடைத்ததும், கன்டினியுவஸ் அல்லாத மாறி நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும். 'பிவார்_ஸ்டார்ட்' அழைக்காமல் படித்தால் நிரல் முழுவதும் பூச்சியத்தையே காண்பீர்கள். பல கைப்பிடிகள் இருந்தால், 'பிவார்_ஆல்_ஹேண்டில்ஸ்' என்ற மாறிலியைத் தந்து ஒரே அழைப்பில் தொடங்கலாம்; அப்போது கன்டினியுவஸ் மாறிகள் பிழை தராமல் தாண்டப்படும். தொடங்கவும் நிறுத்தவும் மீட்டமைக்கவும் மட்டுமே இந்த வசதி. படிப்பதற்கு ஒவ்வொரு கைப்பிடியாகத்தான் செல்ல வேண்டும்.

ஒரு சிறு சோதனை

இரண்டே செயல்முறைகள் கொண்ட நிரலை எடுத்துக்கொள்வோம். ரேங்க் 0, நான்கு பைட் கொண்ட 1,000 செய்திகளை, 0 முதல் 999 வரை குறிச்சொல் இட்டு, காத்திராத அனுப்புதல் மூலம் ரேங்க் 1-க்கு அனுப்புகிறது. ரேங்க் 1 இரண்டு வினாடி உறங்கிவிட்டுப் பெறத் தொடங்குகிறது. பெறும் அழைப்பு விடப்படுவதற்கு முன்பே வந்து சேரும் செய்திகளை நூலகம் 'எதிர்பாராத செய்திகள்' என்ற வரிசையில் வைக்கும். எம்பிச்சில் அதன் நீளத்தைத் தரும் மாறி 'அன்எக்ஸ்பெக்டட்_ரெசிவ்கியூ_லெங்த்'.

இரண்டு வினாடி உறங்கி எழுந்ததும் இந்த மாறியைப் படித்தால் 1,000 வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். பின்னணியில் தனி இழை வைத்து வேலை செய்யாத நூலகம் என்றால், வருவது பெரும்பாலும் பூச்சியம். செய்திகள் வந்து வாசலில் காத்திருக்கின்றன. ஆனால் நிரல் ஏதாவது ஓர் எம்பிஐ அழைப்புக்குள் நுழையும்போதுதான் நூலகம் கண்விழித்து அவற்றை உள்ளே எடுத்து வரிசையில் இடும். பிவாரைப் படிப்பது நூலகத்தை எழுப்பும் அழைப்பு அன்று. 'வரிசை காலியாக இருந்தது, ஆகவே செய்தி வரவில்லை' என்ற தவறான முடிவு இப்படித்தான் பிறக்கிறது.

இப்போது ரேங்க் 1, குறிச்சொல் 999 உள்ள கடைசிச் செய்தியை முதலில் கேட்கட்டும். அதைத் தேடிக்கொண்டு நூலகம் முந்தைய 999 செய்திகளையும் உள்ளே இழுத்து வரிசையில் வைக்கும். அந்த அழைப்பு முடிந்ததும் நீளத்தைப் படித்தால் 999 தெரிய வேண்டும். அடுத்து, மீதியை 998, 997 என்று இறங்குவரிசையில் பெற்றுப் பாருங்கள். நூலகம் வரிசையை முன்னிருந்து ஒவ்வொன்றாகத் தேடும் வகையாக இருந்தால், முதல் தேடலில் 999 ஒப்பீடுகள், அடுத்ததில் 998 என்று மொத்தம் 4,99,500 ஒப்பீடுகள் நடக்கும். அதே செய்திகளை 0, 1, 2 என்று ஏறுவரிசையில் பெற்றால், தேடியது ஒவ்வொரு முறையும் வரிசையின் தலையிலேயே இருக்கும். மொத்தம் 999 ஒப்பீடுகள்தான். 'அன்எக்ஸ்பெக்டட்_ரெசிவ்கியூ_மேட்ச்_அட்டெம்ப்ட்ஸ்' என்ற எண்ணியை இரு முறையும் முன்னும் பின்னும் படித்துக் கழித்தால், இந்த வேறுபாடு எண்ணாகவே கண்முன் நிற்கும். தேடலை வேறு விதமாக அமைத்த நூலகத்தில் எண்கள் வேறாக வரலாம். அதுவும் உங்கள் நூலகத்தைப் பற்றிய பயனுள்ள தகவலே.

இந்தச் சோதனையை உங்கள் உண்மையான நிரலைத் தொடும் முன் செய்துபார்க்கச் சொல்வேன். விடை முன்கூட்டியே தெரிந்த ஒன்றில் மாறி சரியான எண்ணைத் தருகிறதா என்று பார்த்த பிறகுதான், விடை தெரியாத இடத்தில் அதை நம்ப முடியும்.

நிரல் முழுவதும் அளக்கும்போது

ஒவ்வொரு பிவாரும் ஒரு செயல்முறைக்குள் மட்டுமே வாழ்கிறது. 512 செயல்முறைகளின் எண்களைச் சேர்த்துத் தருவது நூலகத்தின் வேலை அன்று, உங்கள் வேலை. அதற்கு எம்பிஐயின் தொகுப்பு அழைப்புகளையே பயன்படுத்தலாம். ஆனால் அந்த அழைப்புகளும் செய்திகளை அனுப்புகின்றன, கன்டினியுவஸ் மாறிகள் அவற்றையும் சேர்த்து எண்ணும். எல்லா மாறிகளையும் முதலில் உங்கள் அணியில் படித்து வைத்துவிட்டு, அதன் பிறகே தொகுக்கத் தொடங்குங்கள்.

தொகுக்கும்போது கூட்டுத்தொகையும் சராசரியும் பெரிதாக எதையும் சொல்வதில்லை. 511 செயல்முறைகளில் வரிசை நீளம் 3 ஆகவும் ஒன்றில் மட்டும் 6,000 ஆகவும் இருந்தால், சராசரி 15-க்கும் கீழே வந்து நின்று ஒன்றுமே நடவாததுபோலத் தோன்றும். 'மேக்ஸ்லாக்' மூலம் உச்ச மதிப்பையும் அது எந்த ரேங்கில் என்பதையும் சேர்த்தே எடுத்தால் குற்றவாளி தப்ப முடியாது. அதற்கான இணைத் தரவினங்களில் நீண்ட குறியற்ற முழு எண் இல்லை என்பதால், மதிப்பை டபுளாக மாற்றிக்கொள்ளலாம். இங்கே வரும் அளவுகளுக்கு அதன் துல்லியம் தாராளமாகப் போதும்.

எண்ணிகள் நிரம்பி வழியலாம். தரநிலை அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. காத்துக்கொள்வது படிப்பவரின் பொறுப்பு. 32 பிட் குறியற்ற எண்ணி சுமார் 429 கோடியில் நிரம்பி மறுபடி பூச்சியத்துக்கு வரும். வினாடிக்குப் பத்து லட்சம் முறை கூடும் எண்ணி என்றால், இதற்கு 72 நிமிடங்கூட ஆகாது. இரவு முழுவதும் ஓடும் நிரலில் பலமுறை சுற்றிவிடும். அதைவிடக் குறைந்த இடைவெளியில் படித்து, குறியற்ற எண்களாகவே கழித்து, வேறுபாட்டை 64 பிட் மாறியில் சேர்த்துக்கொண்டே வந்தால், இடையில் ஒருமுறை சுற்றியிருந்தாலும் கழித்தலின் விடை சரியாகவே இருக்கும். மீட்டமைப்பதைவிட இந்த வழியையே நான் விரும்புகிறேன். ரீட்ஒன்லி மாறிகளுக்கும் இது பொருந்தும்.

எத்தனை முறை படிப்பது? நிரலின் இயல்பான கட்டங்களின் எல்லையில் படித்தால் போதும். உள்சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் படிப்பவர், நூலகத்தை அளக்கவில்லை, தம் அளவீட்டையே அளந்துகொண்டிருக்கிறார். நேர மாறிகள் இயக்கப்பட்ட நூலகத்தையும் இயக்கப்படாத நூலகத்தையும் கொண்டு அதே நிரலை ஓட்டி மொத்த நேரத்தை ஒப்பிட்டால், அளப்பதற்காக எவ்வளவு இழக்கிறீர்கள் என்பது தெரியும். குறிப்பிட்ட நிகழ்வு நடந்த அந்த நொடியிலேயே தகவல் வேண்டும் என்பவர்களுக்கு, 2021 ஜூனில் வந்த எம்பிஐ 4.0 நிகழ்வுகளுக்கான தனி ஏற்பாட்டைச் சேர்த்திருக்கிறது. பிவாரைத் திரும்பத் திரும்பப் படித்து அதை ஈடுகட்ட முயல வேண்டியதில்லை.

முடிக்கும்போது வரிசை முக்கியம். கைப்பிடிகளை நிறுத்தி, 'பிவார்_ஹேண்டில்_ஃப்ரீ' மூலம் விடுவித்து, பிறகு அமர்வை விடுவித்து, இறுதியில் இடைமுகத்தை மூட வேண்டும். கம்யூனிகேட்டரோடு பிணைந்த கைப்பிடி இருந்தால், அந்தக் கம்யூனிகேட்டரை நிரல் விடுவிப்பதற்கு முன்பே கைப்பிடியை விட்டுவிட வேண்டும். சொந்தமாக எழுதிய நிரலில் இது எளிது. பிறர் எழுதிய கணித நூலகம் உள்ளே தானாகக் கம்யூனிகேட்டர்களை உருவாக்கி அழிக்கும் நிரலில், விடுவிக்கும் அழைப்பை பிஎம்பிஐ வழியாக இடைமறித்து, அந்தக் கம்யூனிகேட்டரின் எண்களைக் கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டு, கைப்பிடியை விட்ட பிறகே உண்மையான அழைப்பைப் போகவிட வேண்டும்.